வெள்ளிக்கிழமைப் பாம்பு

எங்கள் வீட்டுக்கு அந்த வருசம் ஒரு பாம்பு தேவைப்பட்டது. அது நல்ல பாம்பாக இருக்க வேண்டும், படமெடுக்க வேண்டும், அது குடியிருக்கிற இடத்திலேயே வைத்து அதைப் பார்க்க வேண்டும். குறி சொல்லுகிறவர் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பா கல்யாணத்துக்கு முன்னால் புறவாசலில் அடுப்புக்குழி தோண்டும்போது ஒரு நல்ல பாம்பை மண்வெட்டியால் வெட்டிவிட்டாராம். கல்யாணமாகி ஆறேழு வருசமாகியும் சித்திக்குப் பிள்ளை இல்லாததற்கு அந்தப் பாம்புதான் காரணம் என்று குறியில் வந்தது. வெட்டியது சித்தப்பா, பரிகாரம் செய்ய வேண்டியது சித்தி. அப்போது அது எனக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை. சித்தப்பா தூத்துக்குடியில் ஒரு கருப்பட்டிக் கடையில் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடியுமுன் போகிற மனுசன் பாம்பைத் தேடி எங்கே போவார்.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, பாலும் முட்டையும் கொண்டுபோய், பாம்பை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். கண்ட நாளிலிருந்து ஒரு வருசத்துக்குள் கரு தங்கிவிடும். தங்காவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைப் பாக்கியமே கிடையாது என்று அர்த்தம். இதுவும் குறிக்காரர் சொன்னதுதான்.

அத்தை இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்து, எங்கள் எல்லாரையும் ஆண்டவள்.

"பாம்பக் கண்டுட்டு வரட்டும். ஒரு வருசம் பாப்போம். அதுக்கும் ஒண்ணும் இல்லன்னா தம்பிக்கு வேற எடம் பாக்க வேண்டியதுதான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்கிற மாதிரி சொன்னாள். சித்தி பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சித்தப்பா தட்டைப் பார்த்தபடி, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அம்மாதான் மெல்ல, தெருவில் வருகிற பாம்பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னால் ஆகாதா என்று கேட்டாள்.

"பல்லுப் புடுங்குன பாம்பு கணக்குல வராது. அதுவே வீடுவீடாப் பிச்சை எடுக்குது. அது இவளுக்கு என்னத்தக் குடுக்கும்?" என்றாள் அத்தை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருசம் அது. காட்டுக்குப் பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். எனக்குக் கண் கூர்மை. வாய் கிடையாது. வெளியாள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள் நான்.

ஊருக்குக் கிழக்கே தேரி, மேடு மேடாகச் செம்மணல். காலையில் போனால் ராத்திரி நடமாடியதெல்லாம் மணலில் எழுதியிருக்கும். சாரை போன தடம் கயிற்றை இழுத்த மாதிரி நீளமாக இருக்கும். சுருட்டை விரியனின் தடம் துண்டு துண்டாகக் கிடக்கும், நேராக அது ஒருநாளும் போகாது. தாழம்புதருக்குள்ளும் காய்ந்த ஓலைக் குவியலிலும் எலி வளையிலும் குனிந்து குனிந்து பார்ப்போம். சித்தியும் முதலில் என்னைவிட மும்முரமாகத்தான் தேடினாள்.

கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு முள் உடைமரத்தடியில், பாம்பைக் கண்டால் கத்துகிற மாதிரி தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தின. ஓடினேன். மரத்தடிப் புற்றின் சரிவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது நல்ல பாம்பு. நான் கையைக் காட்டினேன். சித்தி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். சத்தம் கேட்டோ என்னவோ அது எழுந்து படம் விரித்தது. வெயில் அந்தப் படத்தின் ஊடே தெரிந்தது. எனக்குப் பயம் வரவில்லை, சந்தோசத்தில் அழுகை வந்தது. சித்தி பால் செம்பைக் கீழே வைக்கவே இல்லை. பாம்பு சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, படத்தைச் சுருக்கி, அவசரமில்லாமல் புற்றுக்குள் போனது.

"சித்தி, கும்பிடலியா?" என்றேன்.

அதன் பிறகுதான் கும்பிட்டாள். பாலை ஊற்றி முட்டையை வைத்தாள். வழியெல்லாம் நான் அடுத்த நாள் சித்தப்பா வருவதையும், அத்தை பாயசம் வைப்பதையும் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் அத்தை மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னளா, கண்ணுல பட்டுதா?"

"இல்ல மைனி. ஒரு சாரை ஓடுச்சு, அம்புட்டுதான்" என்றாள் சித்தி.

அத்தை என்னைப் பார்த்தாள். "இவ என்ன சொல்லுதா? ஏளா, நீயாவது பாத்தியா?"

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தி என் பக்கம் திரும்பவில்லை. கழுவின செம்பையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்றாள் அத்தை. பிறகு, "இவகிட்ட கேக்கதுக்கு அந்தப் புத்துகிட்ட கேக்கலாம்" என்று வற்றல் பக்கம் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் கிணற்றடியில் சித்தியிடம், "பாத்தோம்லா சித்தி" என்றேன்.

"அது படம் சரியா விரிக்கலளா."

"விரிச்சுதே."

"நீ சின்னப்புள்ள. அது பாதிப் படம்."

பாதிப் படம் என்று ஒன்று உண்டென்பதை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அடுத்த வெள்ளியிலிருந்து சித்தி அந்த உடைமரத்துப் பக்கமே போகவில்லை. தேரியின் உச்சிக்கு ஏறிப் போவாள். புதரோ புற்றோ இல்லாத வெறும் மணல் அது. அங்கிருந்து கடல் தெரியும், கொழும்புக்குப் போகிற தோணிகளின் பாய் தெரியும். மடியிலிருந்து அவித்த பனங்கிழங்கை எடுத்து நார் உரித்து எனக்குப் பாதி கொடுப்பாள். அங்கே உட்கார்ந்திருக்கும்போது அவள் சிரிப்பாள். வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இங்கன பாம்பு வராது சித்தி."

"வராட்டாப் போகுது. நாம தேடத்தான வந்திருக்கோம்."

அத்தை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டாள். சித்தி ஒவ்வொரு தடவையும் இல்லை மைனி என்றாள். அடுத்த வருசமும் அப்படித்தான், அதற்கடுத்த வருசமும் அப்படித்தான். பாம்பைக் காணாதவரை அந்த ஒரு வருசக் கெடு தொடங்காது. சித்தப்பாவுக்கும் வேறு இடம் யாரும் பார்க்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் பிறந்து, அடுத்தது ஏன் தங்கவில்லை என்று மாமியார் வீட்டில் நாள் எண்ணத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கணக்கு எனக்கு விளங்கியது.

அன்றைக்கு எனக்கு விளங்கியதெல்லாம், சித்திக்குத் தேடத் தெரியவில்லை என்பதுதான். அவளுக்காக நான் இரண்டு மடங்கு தேடினேன். உச்சிக்குப் போகிற வழியில் முன்னால் ஓடி, புதரைத் தட்டி, தடத்தைக் கண்டதும் கூப்பிடுவேன். அவள் வேகமாக வருவாள். முகம் வெளுத்திருக்கும். பார்த்துவிட்டு, "காத்து இழுத்த கோடுளா இது" என்று காலால் அதைத் தேய்த்துவிடுவாள். அப்படியே ஊர்ப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள்.

பாவம், இந்த வயதிலேயே கண் மங்கிவிட்டதே என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கண்ணுக்கு நல்லது என்பார்களே என்று, கிணற்றடி வாய்க்காலில் பொன்னாங்கண்ணிக் கீரை பறித்து, ஒருவருக்கும் தெரியாமல் சித்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கென்றும் சொன்னேன். சித்தி என்னை வெகுநேரம் பார்த்தாள். உட்கார்ந்து, ஒவ்வொரு இலையாக ஆய்ந்து, கடைந்து, சோற்றில் பிசைந்து முழுவதையும் சாப்பிட்டாள்.