மூன்றாவது கேக்

வெளிநாடு போகும் சுஜிக்கு விமானம் ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் ஞானஜோதியைப் பொறுத்தவரை அவள் போனது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில், தாம்பரத்தில் புறப்படும் எட்டு மணி வண்டியின் மகளிர் பெட்டியில். ஆடி வெள்ளி வேறு. பெட்டி முழுக்க மல்லிகைப்பூவும் ஈரத்தலையுமாக இருந்தது. ஞானஜோதியின் மடியில், சாப்பாட்டுப் பைக்கு மேல், கேக் டப்பா. அதில் சிவப்பு க்ரீமில் 'ஹேப்பி ஜர்னி சுஜி' என்று எழுதியிருந்தது.

அந்தப் பெட்டியில் பிறந்தநாள், வளைகாப்பு, வேலை மாற்றம் எல்லாவற்றுக்கும் கேக் உண்டு. மீனம்பாக்கம் தாண்டியதும் வெட்டுவார்கள்; அடுத்த பழவந்தாங்கலிலிருந்து கிண்டி வரைக்கும் கூட்டம் நெருக்கிவிடும். பிளாஸ்டிக் கத்தியை வைத்துக்கொண்டு சுஜி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"அழுதா க்ரீம் கரைஞ்சிடும்டி. சீக்கிரம் வெட்டு" என்றாள் ஞானஜோதி. "ஆபீஸ் விட்டுப் போறவங்களுக்கு வெட்டுற கேக்கு மூணு வகை, தெரியுமா? 'அப்பாடா, தொலைஞ்சான்'னு வெட்டுறது ஒண்ணு. அது எப்பவும் வெண்ணிலா. சீப்பா முடிச்சிருவாங்க. 'ஐயோ, போறானே, இனிமே இவன் வேலையும் நம்ம தலையிலதானே'ன்னு வெட்டுறது ரெண்டாவது. அது பிளாக் ஃபாரஸ்ட். மேல இருக்கிற செர்ரிக்கு மேனேஜரே அடிச்சிக்குவாரு."

சுஜி குலுங்கிச் சிரித்தாள். "மூணாவது என்னக்கா?"

ஞானஜோதி வாயைத் திறந்தாள். மடியிலிருந்த கேக்கைப் பார்த்தாள். "கிண்டி வரப்போவுது, எறங்குற வழியப் பாருங்க" என்று டப்பாவை ஹேமாவதியின் கையில் திணித்துவிட்டு எழுந்தாள்.

"மீதிய வாட்ஸ்அப்ல சொல்லுங்கக்கா!" என்று சுஜி பின்னாலிருந்து கத்தினாள். ஞானஜோதி சொல்லவில்லை.

*

முடிச்சூரிலிருந்து கிண்டிக்கு, ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு, பதினாறு வருஷமாகப் போய்வருகிறவள் ஞானஜோதி. ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்து எது செல்லும், எது செல்லாது என்று சொல்வது அவள் வேலை. மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சொல்வது அவள் சுபாவம். தாம்பரத்தில் ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு சுஜிக்கு இடம் பிடித்து வைப்பாள். சுஜி அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் ஓடிவந்து ஏறி உட்கார்ந்ததும், "இன்னைக்கு என்னக்கா?" என்பாள். ஆரம்பித்துவிடும்.

"கல்யாணத்துல ட்ரோன் விடுறாங்களே, பார்த்தியா? பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல வந்து 'கொர்ர்'னு நிக்குது. இதுக்கு நாத்தனாரே தேவலாம்டி. அவ சாப்பிடவாவது போவா."

"ஆபீஸ் குரூப்புல ஒருத்தன் 'ஹேப்பி பர்த்டே'ன்னு போட்டா, பின்னாடியே நாப்பது பேரு வரிசையா அதையே ஒட்டுறான். வாழ்த்துற மாதிரியா இருக்கு? ரேஷன் கடையில கைநாட்டு வைக்கிற மாதிரி இருக்கு."

"எங்க ஏரியாவுல புது ஃபிளாட்டுக்கு 'லேக் வியூ'ன்னு பேரு வெச்சிருக்கான். மழை வரட்டும். நாம போயி ஏரியப் பார்க்க வேணாம். ஏரியே ஹால் வரைக்கும் வந்து நம்மளப் பார்த்துட்டுப் போவும்."

சுஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எதிர் சீட்டில் வங்கி ஊழியை ஹேமாவதி, "பேஜார்டி இவளோட" என்பாள். அந்தச் சிரிப்புக்கு மேல் ஞானஜோதி எதுவும் கேட்டதில்லை. வீட்டு பீரோவில், துணிகளுக்கு அடியில், ஒரு முத்திரைகூட விழாமலே காலாவதியான பாஸ்போர்ட் ஒன்று கிடந்தது. அதைப் பற்றி மட்டும் ரயிலில் அவள் பேசியதில்லை.

*

சுஜி போய் நாலைந்து மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, ஹாலில் கணவன் பிரிட்டோ உரக்கச் சிரித்தான்.

"ஜோதி, இங்க வாயேன்! உன் ரயில் ஃப்ரெண்டு பின்றா. யூடியூப்ல சேனல் ஆரம்பிச்சிருக்கா. 'சும்மா சொன்னேன்'னு பேரு. இந்த ட்ரோன் மேட்டரக் கேளேன்..."

ஞானஜோதி மீன் கையோடு வந்து நின்றாள். திரையில், பனி படிந்த ஜன்னலுக்கு முன்னால், கம்பளிச் சட்டையில் சுஜி. "இதுக்கு நாத்தனாரே தேவலாம்" என்றாள். ஒரு நொடி நிறுத்தினாள். "அவ சாப்பிடவாவது போவா." அந்த நொடி நிறுத்தம்கூட ஞானஜோதியுடையதுதான்.

பிரிட்டோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். இதே நாத்தனாரை இதே ஹாலில், போன வருஷம் இரவுச் சாப்பாட்டின்போது, அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "குழம்பு கொஞ்சம் ஊத்து" என்றான்.

"நல்லாத்தான் பேசுறா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு மீனில் உப்பு கூடிப்போனது.

அதற்குப் பிறகு ஒரு வீடியோவையும் அவள் விடவில்லை. தன் பேரில் பார்த்தால் தெரிந்துவிடுமோ என்று மகனின் கணக்கில் பார்த்தாள். ரேஷன் கடை வந்தது. லேக் வியூ வந்தது. அதில் 'எங்க ஏரியாவுல' என்று சுஜி சொன்னபோது, சானடோரியத்தில் மேட்டு வீட்டில் வளர்ந்தவளுக்கு எந்த ஏரி, எந்த ஹால் என்று ஞானஜோதிக்குக் காதில் புகை வந்தது. வெள்ளத்தில் பீரோவைக் கட்டில்மேல் ஏற்றியவள் யார், காசில்லாமல் அதைக் கேட்டுச் சிரித்தவள் யார்? லட்சத்துச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள். 'செம்ம டைமிங்', 'எப்படித்தான் யோசிக்கிறீங்களோ' என்று கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள். ஞானஜோதி கீழே, இன்னும் கீழே போய், திட்டி எழுதியவர்களைத் தேடினாள். ஒரு புண்ணியவான், 'வாய்ஸ் நல்லா இல்லை' என்று போட்டிருந்தான். அதற்கு லைக் போட்டாள். வெட்கமாக இருந்தது, எடுத்தாள். மறுநாள் காலை ரயிலில் மறுபடி போட்டாள்.

யாரிடம் போய்ச் சொல்வது? நகை என்றால் போலீஸுக்குப் போகலாம். ரயிலில் வாய்க்கு வந்தபடி பேசியதற்கு ரசீதா இருக்கிறது?

ஜன்னலோர இடத்துக்கு இப்போது ஏஞ்சல் வந்திருந்தாள். காட்டாங்குளத்தூரில் படிப்பை முடித்துவிட்டு கிண்டியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். ஒருநாள் நல்ல மழை. பெட்டியே உம்மென்று இருந்தது. ஞானஜோதியால் பொறுக்க முடியவில்லை. "இந்த மழையில 'லேக் வியூ'காரன் கதியைப் பாரு. ஏரியே ஹால் வரைக்கும்..."

"அக்கா!" ஏஞ்சல் கைதட்டினாள். "சுஜி டயலாக்! நீங்களும் 'சும்மா சொன்னேன்' ஃபேனா?"

ஹேமாவதிக்குப் பொறுக்கவில்லை. "அடிப்பாவி, இன்னா பேசுற நீ? அந்தப் பொண்ணு இதே சீட்டுல குந்திக்கினு கேட்டது எல்லாம் இவ வாயிலேர்ந்து வந்ததுடி."

"ஓ... அப்படியாக்கா? சூப்பர்க்கா" என்றாள் ஏஞ்சல். முதலமைச்சர் எனக்குச் சித்தப்பா முறை என்று யாராவது சொன்னால் மரியாதைக்காக ஒரு சிரிப்பு சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பிறகு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

அன்றோடு ஞானஜோதி பேச்சை நிறுத்தினாள். யாராவது கல்யாணக் கதையையோ புதுப்படக் கதையையோ எடுத்தால், பல்லாவரம் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சொன்னால் திருடி என்பார்கள். தன் பொருளையே திருடியவள் என்று பேர் வாங்குவதற்கு வாயை மூடிக்கொண்டு போகலாம்.

ஒரே ஒரு தடவை மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவில், போனைத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்து வைத்துத் தானே பேசிப் பார்த்தாள். சுஜி இன்னும் வீடியோவில் சொல்லாதது ஒன்றுதான் பாக்கி: கேக். வெண்ணிலாவைச் சொன்னாள். பிளாக் ஃபாரஸ்ட்டைச் சொன்னாள். எதிரில் யாரும் சிரிக்காததால் இரண்டும் சாணித்தாள் நோட்டீஸ் மாதிரி இருந்தன. மூன்றாவதுக்கு வந்தாள். அது என்ன என்பது அன்றைக்கு ரயிலிலேயே அவளுக்குத் தெரியும். 'மூணாவது, நாம போயிருக்க வேண்டிய எடத்துக்கு இன்னொருத்தி போறாளேன்னு வெட்டுறது. அது எந்த கேக்கா இருந்தாலும் சரி. டப்பாவப் புடிச்சிக்கிட்டு இருக்கிறவ கண்ணுக்கு அதுல எழுதியிருக்கிறது தன் பேராத்தான் தெரியும்.'

பதிவை அழித்துவிட்டு, துணிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

*

இரண்டு ஆடி போய்விட்டது. ஒரு காலை, வண்டி குரோம்பேட்டையில் நின்றிருந்தபோது போன் மினுங்கியது. சுஜி. ஞானஜோதி முதல் வரியை மட்டும் படித்தாள். 'அக்கா, நான் பேசுறது முழுக்க உங்க பேச்சுதான். இத்தனை நாள் சொல்லாம இருந்தது தப்பு.'

கை தன்னால் ஏஞ்சலின் தோளைத் தட்டியது. "இந்தா, இயர்போனக் கழட்டு. படி. சத்தமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

ஏஞ்சல் திரையில் பேரைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "ஐயோ, நிஜமாவே சுஜியாக்கா!"

"படிடீ" என்றாள் ஹேமாவதி.

நாலு சீட்டும் திரும்பின. நின்றிருந்தவர்களும் கம்பியைப் பிடித்தபடி குனிந்தார்கள். ஞானஜோதி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏஞ்சல் முதல் வரியைப் படித்தாள். யாரோ 'உச்' கொட்டினார்கள். ஏஞ்சல் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தாள்.

"'நாளைக்கு இங்க நம்ம ஆளுங்க ஒரு மேடை நிகழ்ச்சி வெச்சிருக்காங்க. உங்க பேரச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கப் போறேன். கேக் கதையச் சொல்லணும். ரெண்டுதான் எங்கிட்ட இருக்கு. மூணாவது என்னன்னு நானே யோசிச்சுப் பார்த்தேன், வரல. அன்னைக்கு நீங்க கிண்டி வரப்போவுதுன்னு எழுந்துட்டீங்க. மூணாவது கேக் என்னக்கா? ஏன் கேக்குறேன்னா, அப்ப வண்டி பழவந்தாங்கல்கூட வரலக்கா.'"