அம்மாவின் இரண்டு படங்கள்

அம்மாவுக்குக் கையைத் தூக்கித் தலைவார முடியாமல் போனபோது நான் நான்காம் வகுப்பு. கோலம் போட உட்கார்ந்தால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள். சூளகிரியில் எங்களுக்குப் பின்வீடு அத்தை வீடு. அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் வாசலுக்கு எதிரே குழாயடியில் நாலு பேர் சேர்ந்தால் அவளுக்குப் பேச்சு சூடு பிடிக்கும்.

"என் தம்பி கம்பெனியில மெஷினோட மல்லுக்கட்டறான். இங்க மகாராணிக்குக் கொடம் தூக்கக் கை வரல."

ஓசூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒரு கோளாறும் இல்லையாம். அத்தை அந்தப் படத்தைக் குழாயடிக்கே கொண்டுபோய் வெயிலில் தூக்கிப் பிடித்தாள். "பாருங்கடி, எலும்பு இரும்பாட்டம் இருக்குது. எல்லாம் நடிப்பு." அம்மா குடத்தை எடுத்தாள். நாலு அடி நடப்பதற்குள் குடத்தோடு விழுந்தாள்.

பிறகு கம்பெனி டாக்டர் பெங்களூருக்கு ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கன்னடம் தெரியும் என்பதால் அத்தை வந்தாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். "தாலி, மெட்டி எதுவும் இருக்கக்கூடாதாம்," என்றாள் அத்தை. கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது என்று மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அதை அம்மாவுக்குக் கட்டிவிட்டு, "இப்ப தாலியக் கழட்டு," என்றாள்.

அம்மாவின் கைகள் மார்புவரை வந்து நின்றுவிட்டன.

"தூக்கும்மா."

"வரலக்கா."

அத்தை அம்மாவின் முழங்கையைப் பிடித்து உயர்த்திவிட்டாள். விட்டதும் கை தொப்பென்று விழுந்தது.  அத்தை தாலியைத் தானே கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

படத்தை விளக்குப் பலகையில் மாட்டி அங்கிருந்த டாக்டர் தமிழிலேயே விளக்கினார். "ரெண்டு தொடையிலயும் வெள்ளையா தெரியுதில்ல, அது தசையில வீக்கம். எக்ஸ்ரேல இது தெரியாது. இங்கிருந்து துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு மருந்து ஆரம்பிக்கலாம்."

"அப்ப நெசமாவே நோயிதானுங்களா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

அம்மா சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை அத்தை பெரிய உறையோடு குழாயடிக்குப் போனாள். யாரும் கேட்காமலே படத்தை வெயிலில் பிடித்தாள். "இந்த வெள்ளையெல்லாம் வீக்கம்டி. நான் சொன்னதெல்லாம் தப்பு."

அம்மாவின் தொடையை ஊருக்கே காட்டுகிறாளே என்று எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அத்தையைத் தடுக்கச் சொல்லி அம்மாவை உலுக்கினேன். அவளோ வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அத்தை கடைசி ஆளுக்கும் காட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.