பொட்டு வைத்த டிஸ்க்

அணுபுரம் குடியிருப்பில் தெய்வநாயகியைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வார்கள். கேலியில் தப்பும் இல்லை. காஸை மூடிவிட்டு மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள். கணவர் சம்பத் ஷிப்ட் முடிந்து வரக் கால்மணி தாமதமானால் போதும், வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தே கால் தேய்ந்துவிடும். அப்பேர்ப்பட்டவள்தான் மகளின் கல்யாண டிவிடியில் பேசிவைத்தாள், அதுவும் என்ன பேச்சு!

ஆசைப்பட்டது மகள் ஸ்வாதி. கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரி போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "பாதிப் பேர் யாருன்னே தெரியலம்மா. நீயே சொல்லி வெச்சுடேன்" என்றாள். வீடியோ எடுத்த ஜெபக்குமார் வழி சொன்னான்.

"ரெண்டாவது ஆடியோவா போட்டுடலாங்கம்மா. சும்மா உட்டா நாதஸ்வரம் கேக்கும். ரிமோட்ல ஆடியோ பட்டன அமுக்குனா உங்க கொரலு. ஒரு டிஸ்க்ல மட்டும் போட்டுத் தரேன்."

அவன் கடையின் உள்ளறையில் மைக்கோடு தனியாக உட்கார்ந்தாள். இவர் பெரியத்தை, இவர் சித்தப்பா என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, ஓரிடத்தில் பேச்சு நின்றுவிட்டது. திரையின் ஓரத்தில் மாப்பிள்ளை அபிஷேக் தன் அம்மா சரோஜாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. சரோஜா கத்தவும் இல்லை, கையை உருவவும் இல்லை. பழகிப்போனவர் மாதிரி நின்றார். கல்யாணத்தன்று இதை ஒருவரும் கவனிக்கவில்லை.

தெய்வநாயகி நேரில் சொல்ல வாய் வராததை மைக்கில் சொல்லிவிட்டாள்.

"ஸ்வாதி, இந்த இடத்த நல்லா பாரு. உன் கைய ஒரு தடவை இப்படிப் புடிச்சாலும் யோசிக்காத. கட்டின துணியோட கிளம்பி வந்துடு. அப்பாவ நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்த இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அட்டை. குரல் இருந்ததன் மேல் அடையாளத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். காணும் பொங்கலுக்கு வரும் மகளிடம் தனியாகக் கொடுக்க எண்ணம். மற்றது சம்பந்தி வீட்டுக்கு. சம்பத்திடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால், குடும்பத்தைக் கெடுக்கிறாயா என்று குதிப்பார்.

தலைப்பொங்கல் சீர் கொடுத்துவிட்டு அவர் திரும்பிய பிறகுதான் அலமாரியைப் பார்த்தாள். பொட்டு இல்லாத டிஸ்க் கிடந்தது.

"ஐயோ, எதை எடுத்துட்டுப் போனீங்க?"

"பொட்டு வெச்சததான். சீர்த்தட்டுல வெறுமையாவா வெப்பாங்க?"

மகளுக்குப் போன் போட்டாள். எடுத்தது அபிஷேக். "அவ வேலையா இருக்கா அத்தை" என்று வைத்துவிட்டான். ரிமோட்டில் ஒரு பட்டனைக்கூட விட்டுவைக்காத ஆள் அவன். தெய்வநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. நான் பேசினதுக்கு என் பெண்ணை அடிப்பானே என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

மறுநாள், அவன் ஆபீஸ் போயிருக்கும் நேரம் பார்த்து, செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து ரயில். தனியாக அவள் போன முதல் பயணம் அதுதான். கதவைத் திறந்த சரோஜாவிடம், வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய்யை ஒப்பித்தாள்.

"அந்த டிஸ்க்ல ஏதோ கோடு விழுந்திருக்காம் சம்பந்தி. மாத்திக் குடுக்கலாம்னு..."

"நல்லாத்தான் கீது. ரெண்டு ஆடியோவும் கேட்டேன்."

தெய்வநாயகி "மாப்பிள்ளை?" என்றாள்.

"அவன் கேக்கல. காத்தால அவன் போனப்புறம் நானும் உங்க பொண்ணும் பாத்தோம். அந்த எடம் வந்ததும் அவ சுடிதார் கைய மேல ஏத்திக் காட்னா. நாலு வெரலும் பதிஞ்சு கீது. பொட்டிய எடுத்துகினு உள்ள உக்காந்துனுகீறா. ஆறு மணிக்கெல்லாம் வந்துருவான். பேசிகினு நிக்காதீங்க, இட்டுகினு போங்க."

ஸ்வாதி வெளியே வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினாள். மகளை அணைத்துக்கொண்ட தெய்வநாயகி, சரோஜாவைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை வந்து கேட்டா நீங்க என்ன செய்வீங்க? நீங்களும் வந்துடுங்க சம்பந்தி."

"நானா?" என்றார் சரோஜா. "அவ கட்னவன உட்டுட்டு வரா. நான் பெத்தவன உட்டுட்டு எங்க போறது? எங்க போனாலும் தேடிகினு வருவான்."

டிஸ்க்கை ஸ்வாதியின் கைப்பைக்குள் திணித்தார். அவர்கள் படியிறங்கியதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.