அக்கரப்பத்தனைக் கல்யாணத்துக்கு ஒரு ஜெக்கட்

மலைநாட்டுப் பெண்ணான பிரியந்தி கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவள். பனி கொட்டும் நாடுகளுக்குப் போகிற ஜெக்கட்டுகளைத்தான் அங்கே தைத்தாள். வாத்தின் நெஞ்சிலிருக்கும் மெல்லிய தூவியை உள்ளே அடைத்துத் தைப்பது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. போட்டால் அடுப்பங்கரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

"குளிர்ற ஊர்ல நாங்க கம்பளியப் போத்திக்கிட்டுத் திரியிறோம். இது எங்கயோ போகுது பாரு" என்று பக்கத்து மெஷின்காரியிடம் அடிக்கடி சொல்வாள்.

கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்ததும் அதே மாதிரி ஜெக்கட் தைக்க வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டாள். கணவன் சிவசாமி தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தான். அவன் தங்கை தனுஜா துணி வெட்டவும் தூவி அடைக்கவும் துணை. தூவி கடலோரத்து வாத்துப் பண்ணையொன்றிலிருந்து மூட்டையாக வந்தது.

முதல் ஜெக்கட்டைச் சிவசாமிதான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். திரும்பும்போது நல்ல மழை. லயத்து வீட்டு வரிசையின் நாய்களெல்லாம் மோப்பம் பிடித்தபடி வீடு வரைக்கும் பின்னாலேயே வந்துவிட்டன.

"என்னா புள்ள இது, நனைஞ்சா வாத்தே தோள்ல உக்காந்த மாதிரி நாறுது!"

பிரியந்தி சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூவியைக் கழுவியதில் குறையில்லை. ஓயாத மழையில் அது சரியாகக் காயவில்லை. அதுதான் கோளாறு.

சிவசாமி யோசித்தான். கொழுந்தை வாட்டுவது போலத் தூவிக்கும் கீழிருந்து சூடான காற்றைவிட்டால் என்ன? பழைய பலகைகளால் ஒரு பெட்டி செய்து, நடுவில் கம்பி வலை கட்டி, அடியில் சூட்டுக் கம்பிச் சுருளும் விசிறியும் வைத்தான். மேலே மூட மட்டும் மறந்துபோனான். விசிறியைப் போட்டதும் மூட்டைத் தூவி முழுவதும் கூரை வரை எழும்பி, மூன்று பேர் தலையிலும் சோற்றுப் பானையிலும் இறங்கியது. மறுநாள் மேலேயும் வலை கட்டினான். நாற்றம் போய், தூவி நுரை மாதிரிப் பொங்கி நின்றது.

தை மாதம் தனுஜாவுக்கு அக்கரப்பத்தனையில் கல்யாணம். தோட்டத்துக் கோயிலில் விடிகாலை முகூர்த்தம். அந்த வாரம் புல்லெல்லாம் உறைபனி.

"அண்ணி, மணவறையில நான் நடுங்கிக்கிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்? எனக்கும் ஒண்ணு தைங்களேன்" என்றாள் தனுஜா.

பிரியந்தி கூறைச் சேலைக்குப் பொருத்தமாக அரக்கு நிறத்தில், ஜரிகைக் கரை வைத்து, தாலி கட்டத் தோதாகக் கழுத்தை அகலமாக விட்டுத் தைத்தாள்.

கோயிலில் மாப்பிள்ளையின் அத்தை முகத்தைச் சுளித்தார். "கல்யாணப் பொண்ணு கோட்டு போட்டுக்கிட்டா வருவா?"

பிரியந்தி ஜெக்கட்டின் ஜரிகைக் கரையை இழுத்து நேராக்கினாள்.

மாப்பிள்ளை வினோஜன் பட்டு வேட்டியில் வெடவெடத்துக்கொண்டிருந்தான். கெட்டிமேளம் முழங்கியது. தாலிக்கயிற்றைக் கழுத்தில் சுற்றியவனுக்கு முடிச்சுப் போட வரவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க வாங்க ஊதினார். கயிறு நழுவிவிடாமல் அதே அத்தை ஓடிவந்து இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டார். தனுஜா அவன் கைகளை இழுத்துத் தன் ஜெக்கட் பைகளுக்குள் திணித்தாள்.

"கொஞ்ச நேரம் வைங்க. சூடாகட்டும்."

கோயிலே சிரித்தது. ஐயர் கூடச் சிரித்துவிட்டார். வினோஜன் கையை எடுத்தபோது முடிச்சு இறுக்கமாக விழுந்தது. அட்சதை மழையாய்ப் பொழிந்தது.

பந்தியில் அத்தை பிரியந்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடு புள்ள. பச்சைக் கலர்ல."

கல்யாணப் படங்கள் தோட்டம் தோட்டமாகப் போனில் சுற்றின. குளிர் மிகுந்த பட்டிப்பொலவில் சுற்றுலாப் பயணிகளுக்காக அதிகாலையில் காத்துக் கிடக்கும் ஜீப்காரர்கள் ஜெக்கட் கேட்டு வந்தார்கள். சிவசாமி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் தூவிக்காரன் ஆனான். அக்கரப்பத்தனையில் தனுஜாவும் ஒரு மெஷின் போட்டாள்.

போன மாதம் பிரியந்தி நுவரெலியா பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒருவர், அவள் தைத்த ஜெக்கட்டுக்குள் முகத்தைப் புதைத்து அயர்ந்து தூங்கினார். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தோள் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். அவர் திடுக்கிட்டு விழித்தார்.

"என்னாக்கா?"

"ஒண்ணுமில்லண்ணே, நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.