கோபத்துக்கு வைத்த பேர்

எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போன மாசாணியம்மாள், அந்தச் சம்பளத்தில்தான் தம்பி தமிழ்வேந்தனைப் படிக்க வைத்தாள். அவன் மனநல ஆலோசகன் ஆனான். துடியலூரில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்து, வருகிறவர்களை அவரவர் கதையைச் சொல்ல வைத்துக் கேட்பதுதான் வேலை. அப்பா கைகட்டி நின்ற வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து தம்பிக்கு எதிரே உட்காருவதில் அவளுக்குப் பெருமை. அந்த வைத்தியத்தின் மேல்தான் மரியாதை இல்லை. ஆள் வேறு, பிரச்சினை வேறு என்பான். பிரச்சினைக்கு ஒரு பேர் வைக்கச் சொல்லுவான். பூனைக்குட்டிக்குப் பேர் வைக்கக்கூட இத்தனை பேச்சு எதற்கு என்று நினைத்துக்கொள்வாள்.

பீளமேட்டில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்த வரதராஜுலு தன் கோபத்துக்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தார். தம்பியும் தலையாட்டிவிட்டான். பிறகு அவருக்கு நல்ல வசதியாகப் போயிற்று. சோற்றுத் தட்டை வீசியது மாப்பிள்ளை. மனைவி கனகத்தின் கையை முறுக்கியதும் மாப்பிள்ளை. இவர் பாவம், பக்கத்தில் நின்று பார்த்தவர்.

கனகம் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போவதா வேண்டாமா என்பதைத் தமிழ்வேந்தனின் மாடியறையில் வைத்துத்தான் முடிவு செய்வேன் என்றாள். துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று அவள் கேட்டதால் மாசாணியம்மாளும் உட்கார்ந்தாள். காதால் கேட்டால் போதும், புத்தி சொல்லக் கூடாது என்று தம்பி முன்பே கட்டளை போட்டிருந்தான்.

இஸ்திரி கலையாத சட்டையில் வந்த வரதராஜுலு சிரித்த முகமாக ஆரம்பித்தார்.

"நான் எங்கீங்க அடிச்சேன்? மாப்பிள்ளை வந்துட்டாருன்னா நான் என்னங்க பண்றது? இவளும் சித்தெ அனுசரிச்சுப் போகோணுமுங்க."

மாசாணியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆர்டர் தாமதமானால் கம்பெனிக்காரர் திட்டுவாரே, அப்போது மாப்பிள்ளை வருவாரா என்று தம்பி கேட்டான். வரமாட்டாராம். மச்சான் முன்னால்? அங்கேயும் வரமாட்டாராம்.

"அப்ப ஆளு பார்த்துத்தான் வர்றாருங்க," என்றான் தம்பி. "ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளைய நம்ம பக்கம் யாருங்க வெளிய போகச் சொல்லுவாங்க? கறி எடுத்து விருந்து வெக்கிற பேராப் பார்த்து வெச்சீங்க. நானும் ஒத்துக்கிட்டேன், அது என் தப்பு." பிறகு கனகத்தின் பக்கம் திரும்பினான். "ஏனுங்க்கா, அடி வாங்குனது நீங்க. உங்க கதையில அதுக்கு என்ன பேருங்க?"

கனகம் புருஷனைப் பார்த்தே சொன்னாள்.

"வரதராஜுலுங்க."

சிரிப்பு நின்றது. அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு, வர்றியா இல்லையா என்று பல்லிடுக்கில் கேட்டார். மாப்பிள்ளையைக் கூப்பிட அவசரத்தில் மறந்துபோயிருந்தார்.

"நான் வரலீங்க," என்றாள் கனகம்.

அவர் வாசலைத் தாண்டியதும் மாசாணியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் படிக்கட்டில் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க மாப்பிள்ளைய இங்கயே உட்டுப்போட்டுப் போறீங்க. கையோட கூட்டிட்டுப் போயிருங்க."

தம்பி முறைத்தான். புத்தி ஒன்றும் சொல்லவில்லையே என்று அவள் வந்து உட்கார்ந்தாள். கனகம் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டு, தனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொன்னாள்.