பரீட்சை அறை கீழே இறங்கிய நாள்

திருச்சியிலிருந்து ஐந்தரை மணிப் பேருந்தில் கிளம்பினேன். புதுக்கோட்டைக்கு ஐம்பத்து மூன்று கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். மடியில் இருந்த பையில் பன்னிரண்டு பக்கக் கேள்விப் படிவம். மாற்றுத்திறனாளிகளின் படிப்பு, வேலை, அன்றாட வாழ்க்கை பற்றி எங்கள் கல்லூரி நடத்தும் ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய் மக்களைச் சந்தித்து எழுதி வருவது என் வேலை. அன்றைக்கு நான் பார்க்க வேண்டியவர் அன்னவாசலில் இ-சேவைக் கடை வைத்திருக்கும் செல்வராணி. இரண்டு வயதில் போலியோ வந்து இரு கால்களும் பாதிக்கப்பட்டவர். இப்போது முப்பத்தெட்டு வயது. முந்தின நாள் தொலைபேசியில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"காலையில ஏழே முக்காலுக்குள்ள வந்திருங்க மேடம். பத்து மணிக்கு எனக்குப் பரீட்சை. முடியாதுன்னா சாயங்காலம் பாத்துக்குவோம்."

கீரனூர் தாண்டும்போது விடிந்தது. ஆறு ஐம்பதுக்குப் புதுக்கோட்டை. அங்கிருந்து அன்னவாசலுக்கு நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு பக்கமும் பொட்டலும் பாறையும் தைல மரக்காடுமாகப் போகிற சாலை. ஏழு நாற்பதுக்கு இறங்கினேன்.

கடைக்கு வாசற்படி இல்லை. சாலையிலிருந்து சிமெண்டுச் சரிவு நேராக உள்ளே போகிறது. கால்களில் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி மாட்டி, இரண்டு ஊன்றுகோல்களையும் மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, செல்வராணி ஒரு பெரியவருக்கு உதவித்தொகை விண்ணப்பம் பதிவுசெய்து கொண்டிருந்தார். அவரை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒக்காருங்க மேடம். டீ சொல்லவா? நீங்க கேளுங்க, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். எட்டேகாலுக்கு வண்டிய எடுக்கணும்."

பத்தாம் வகுப்பு வரை அவருடைய அப்பா சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனாராம். பதினொன்றாம் வகுப்பு மாடியில் இருந்தது. மூன்று வாரம் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலாவது வாரம் படிப்பு நின்றுவிட்டது. தையல், பிறகு ஒரு ஜெராக்ஸ் கடையில் சம்பளத்துக்கு வேலை, பிறகு இந்தச் சொந்தக் கடை. கடை நிலைத்த பிறகு பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். இப்போது தொலைதூரக் கல்வியில் பி.ஏ. பொது நிர்வாகம். அன்றைக்குக் கடைசித் தாள்.

'அன்றாட வேலைகளில் உங்களுக்கு உதவுபவர் யார்?' என்று படிவத்தைப் பார்த்து வாசித்தேன்.

"எங்க ஆத்தா தண்ணி எடுத்துக் குடுக்கும். சரி, நான் யாருக்கு ஒதவுறேன்னு அதுல கேள்வி இருக்கா?"

இல்லை. பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் அதையும் சேர்த்தேன். "நேத்து மட்டும் பதினோரு பேருக்கு மனு எழுதியிருக்கேன், போட்டுக்கங்க" என்றார்.

எட்டேகாலுக்கு அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன். பின்சக்கரத்தின் இரு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த வண்டி. ஊன்றுகோல்கள் என் கையில். எனக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது, பின்னால் உட்காரவும் பயம். சித்தன்னவாசல் பிரிவு தாண்டி ஒரு லாரியை அவர் முந்தியபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொறங்க அக்கா, லாரி போயிருச்சு!" என்றார். மேடம் அக்காவாகியிருந்தது.

பரீட்சை மையம் புதுக்கோட்டை நகருக்குள் ஒரு கல்லூரி. ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டோம். பலகையில் அவருடைய எண்ணுக்கு நேரே முதல் மாடி என்று போட்டிருந்தது. செல்வராணி அதைப் படித்துவிட்டு மாடிப்படியின் அடியில் நின்றார். சமதளத்தில் ஊன்றுகோலோடு விறுவிறுவென்று நடப்பவர். ஆனால் படி ஏற முடியாது. அங்கே இருபத்து நான்கு படிகள்.

தேர்வுப் பொறுப்பாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கடுமையான மனிதர் இல்லை, அவசரத்தில் இருந்த மனிதர்.

"ரூம் மேலதாம்மா. ரெண்டு பேரக் கூப்பிடுறேன். போன தடவ மாதிரியே நாற்காலியில தூக்கிட்டுப் போயிருவாங்க."

"நாலு பரீட்சைக்கும் அப்படித்தான் சார் போனேன். மூணாவது தடவ ஒருத்தருக்குக் கை நழுவிருச்சு. பாதிப் படியில நாற்காலி சாய்ஞ்சு, நான் கம்பியப் பிடிச்சுத் தொங்கினேன். அன்னைக்கு மேல போய் ஒக்காந்து அரை மணி நேரம் பேனாவ பிடிக்க முடியல. இன்னைக்கு மாட்டேன் சார்."

"கடைசி நேரத்துல வந்து சொன்னா நான் என்னம்மா பண்றது?"

செல்வராணி தோள்பையைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். கீழ்த்தளத்தில் இடம் கேட்டு ஒரு மாதத்துக்கு முன் கொடுத்த மனுவின் நகல், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு. பொறுப்பாளர் அதை இரண்டு முறை படித்தார்.

"இது எங்கிட்ட வரவே இல்லையேம்மா" என்றார், குரல் இறங்கி. "கீழ ஹால் ஒண்ணு காலியாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஆளுக்குத் தனி ரூமுன்னா தனியா ஒரு கண்காணிப்பாளர் போடணும். இன்னைக்கு ரெண்டு பேரு வரல. நான் ஆளுக்கு எங்க போவேன்?"

மணி ஒன்பதரை. இந்தத் தாள் போனால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். செல்வராணியைத் தனியே அழைத்துப்போய், "இன்னைக்கு மட்டும் விட்டுக்குடுத்துப் போயிருங்களேன்" என்றேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றி வகுப்பில் பேசுகிற நான்தான் அதைச் சொன்னேன்.

"நாலு தடவையும் இன்னைக்கு மட்டும்னுதான் அக்கா போனேன்."

எனக்கு முகம் சுட்டது. அவர் திரும்பிப் பொறுப்பாளரிடம் போனார்.

"எனக்குத் தனி ரூமு வேணாம் சார். எங்க ரூமே கீழ வரட்டும். அதே கண்காணிப்பாளர் போதும்ல?"

"இருபத்திரண்டு பேர எறக்கச் சொல்றீங்களா?"

அவர் கேட்டு முடிக்கவில்லை. மாடிப்படியில் நின்று படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் காக்கிச் சட்டைக்கு மேல் வேறு சட்டை போட்டிருந்த ஒரு பேருந்து நடத்துநர் புத்தகத்தை மூடினார்.

"சார், நாங்க எறங்கி வாரோம். எங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை. கேக்காமலே செஞ்சிருக்கணும்."

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். "எனக்கு எட்டு மாசம் சார். இந்தப் படி ஏறி மூச்சு வாங்குது. கீழன்னா எனக்கும் புண்ணியமாப் போகும். இதக் கேக்கலாம்னே எனக்குத் தோணல."

பொறுப்பாளர் கைபேசியை எடுத்துக்கொண்டு நடைபாதைக் கோடிக்குப் போனார். பேசினார், நின்றார், மறுபடி பேசினார். செல்வராணி நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட ஊன்றுகோலை விடவில்லை. ஒன்பது நாற்பத்தொன்றுக்குப் பொறுப்பாளர் திரும்பி வந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"யுனிவர்சிட்டில பர்மிஷன் குடுத்துட்டாங்க. கீழ பெஞ்சுதான் பத்தாது. மேலருந்து எறக்கணும்."

சொல்லி வாய் மூடவில்லை, பாதிப் பேர் மாடியில் இருந்தார்கள். நடத்துநர் ஒரு முனை, நான் ஒரு முனை. என் வாழ்நாளில் பெஞ்சு தூக்கியதில்லை. முதல் பெஞ்சைச் சுவரில் இடித்தேன். "இங்கிட்டுச் சாய்ச்சுப் பிடிங்க மேடம், அங்கிட்டு இல்ல!" என்று அவர் கத்தினார். கீழே ஹாலில் செல்வராணி சுண்ணக்கட்டியோடு நின்று, வந்து இறங்கும் ஒவ்வொரு பெஞ்சிலும் பதிவெண் எழுதினார். கர்ப்பிணிப் பெண் பட்டியலைப் பார்த்து எண்களை வாசித்தார். பொறுப்பாளர் தாமே துணியெடுத்துக் கரும்பலகையைத் துடைத்தார்.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு எல்லாம் முடிந்தது. சட்டைகள் நனைந்திருந்தன, எல்லார் முகத்திலும் சிரிப்பு. செல்வராணி வாசலைத் தாண்டி, வரிசையில் நடந்து, தன் எண்ணைத் தானே எழுதிய பெஞ்சில் உட்கார்ந்து, ஊன்றுகோல்களைக் காலடியில் கிடத்தினார். மணி அடித்தது.

ஒரு மணி வரை வேப்பமர நிழலில் காத்திருந்தேன். கேள்விப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் எழுத ஓடவில்லை. வெளியே வந்த செல்வராணியைச் சுற்றி நாலைந்து பேர் வந்தார்கள். "மூணாவது கேள்வி எழுதினீங்களா?" என்பதுதான் பேச்சு. அவருடைய கால்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பசிக்குது அக்கா. ஆனா நான் சொல்ற கடைக்குத்தான் போகணும். இந்த ஊர்ல எந்தக் கடைக்கு எத்தனை படின்னு எங்கிட்டக் கேளுங்க." கீழ ராஜ வீதிப் பக்கம் படியே இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடை. இலை போட்டுச் சாப்பாடு எண்பது ரூபாய். இரண்டாம் முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மீதிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியாக, "இன்றைக்கு உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று படிவத்தில் இல்லாததைக் கேட்டேன்.

இலையை மடித்தார். "மொத மொதலா பரீட்சைக்குப் பயந்தேன் அக்கா. இத்தனை நாளும் படிக்கட்டுக்குப் பயந்து பயந்து, பரீட்சைக்குப் பயப்பட நேரமே இல்ல." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

நாலேகாலுக்குத் திருச்சிப் பேருந்து. நிலையம் வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை.

ஜன்னலோர இடம் கிடைத்தது. கீரனூர் வரும் வரை என் கல்லூரியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஆய்வுத் துறை இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஆய்வு முடிவுகளை வெளியிடும் கூட்டமும் அங்கேதான் என்று முடிவாகியிருந்தது. யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களில் பலரால் அந்த அறைக்கு வர முடியாது என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. பேருந்தில் இருந்தபடியே பேராசிரியருக்குக் கைபேசியில் எழுதினேன்: 'கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டும். நம்மிடம் பேசியவர்களையும் அழைக்க வேண்டும்.' திருச்சி வருவதற்குள் பதில் வந்தது: 'சரி. இதை ஏன் முன்பே யோசிக்கவில்லை?'

பரீட்சை முடிவு வந்த அன்று செல்வராணி கூப்பிட்டார். "முதல் வகுப்பு அக்கா!" என்ற குரல் காதைத் துளைத்தது. கூட்டத்துக்கு அழைத்தேன். "வாரேன்" என்றார்.

பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பதரைக்கே வந்துவிட்டார். சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களுமாகக் கீழ்த்தள ஹால் நிரம்பிக்கொண்டிருந்தது. பேராசிரியர் ஓடிப்போய்க் கை நீட்டினார். செல்வராணி வணக்கம் சொல்லிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் நடந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.