நாற்பது மில்லி ஆயில்

என் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போனவனிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி. அதற்கு முன் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பது சி.சி., டூ ஸ்ட்ரோக், என்னைவிட வயதில் மூத்தது. சக்கரங்கள் சோற்றுப் பானை மூடி அளவு. உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரைத் தொடும். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து, பாபநாசம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த வருடம், அதிராம்பட்டினத்தில் ஒரு மீன் வியாபாரியிடம் வாங்கினேன்.

"கழுவித்தான் தர்றேன் தங்கச்சி. ஆனா நாத்தம் போவாது. மழை பேஞ்சா பூனை பின்னாடியே வரும்" என்றார்.

இந்த மாதிரிப் பழைய குட்டி வண்டி வாங்குகிறவர்கள் முதலில் கிக்கரைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். எதிர்த்து நின்றால் கம்ப்ரெஷன் இருக்கிறது. அடுத்து, டேங்க் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடிக்க வேண்டும். மூன்றாவது, சேஸிஸில் வெல்டிங் வைத்த தழும்பு. பெயிண்டைப் பார்க்கவே கூடாது. என் வண்டியின் டேங்க் கடல்காற்றில் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. புளிக்கரைசலும் ஒரு கைப்பிடி இரும்பு நட்டும் போட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை குலுக்கினேன். சைலன்சரைக் கழற்றி வறட்டி நெருப்பில் போட்டுக் கரியை எரித்தேன். கார்பரேட்டரை மட்டும் ஐந்து முறை பிரித்தேன். நான்கு முறை தேவையில்லாமல்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஆயில். இந்த எஞ்சினில் பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனை வழுக்க வைக்கிறது. லிட்டருக்கு நாற்பது மில்லி. முன்பு பங்க்கிலேயே கலந்து ஊற்றுவார்கள். இப்போது அந்த வண்டிகளே இல்லை, கேட்பவரும் இல்லை. நான் இருமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றுவேன்.

அப்பா குத்தகை விவசாயி. தாத்தா காலத்திலிருந்து உழுத நிலம், குத்தகைப் பதிவேட்டிலும் எங்கள் பெயர்தான். நிலக்காரரின் இளைய மகனுக்கு அதை மனைகளாகப் பிரித்து விற்க வேண்டும். வழக்கு தஞ்சாவூரில் நடந்துகொண்டிருந்தது. அவனும் அப்பாவும் ஒரே கட்சி. கட்சிக் கொடியேற்றத்தில் இருவரும் ஒரே கரை வேட்டியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது.

தை மாதம், சம்பா முற்றி நின்றபோது, அவன் பெல்ட் அறுவடை வண்டியையும் எட்டுப் பேரையும் கூட்டிவந்து எங்கள் பயிரை அறுக்க ஆரம்பித்தான். அம்மா போன் செய்தாள். ஆலையிலிருந்து வண்டியை முறுக்கிக்கொண்டு வந்தேன். அப்பா அறுவடை இயந்திரத்துக்கு முன்னால் வரப்பில் உட்கார்ந்திருந்தார். காது பாதி கிழிந்து தொங்கியது. அம்மாவின் கையிலிருந்த அரிவாளை மணிக்கட்டை முறுக்கிப் பிடுங்கினார்கள். நான் குறுக்கே போனேன். யார் அறைந்தது என்று தெரியவில்லை. கீழே விழுந்து எழுந்தபோது ஒரு பல் நாக்கில் கிடந்தது.

இளையவன் என் வண்டியைப் பார்த்தான்.

"இதுல ஏறித்தானடி எங்க தெருவுல புகை விட்டுக்கிட்டுப் போற? இனிமே நடந்து போ."

சாவியைத் திருகி, கிக்கரை உதைத்தான். டேங்கில் ஒன்றேகால் லிட்டர் இருந்தது. அறுபது கிலோமீட்டர் ஓடும். பிறகு அவன் பங்க்குக்குப் போவான், வெறும் பெட்ரோல் போடுவான். ஆயில் கலந்து போடுங்க என்று சொன்னால் என் வண்டி பிழைக்கும், அவனும் பிழைப்பான். வாயில் இருந்த ரத்தத்தோடு அந்த வரியையும் விழுங்கினேன்.

இரண்டு நாள் எங்கள் வீட்டு வாசல் வழியாகவே ஓட்டினான். பின்னால் ஒருவன் உட்கார்ந்து, கையை நீட்டி ஹாரன் அடித்துக் கத்தினான். "வண்டி நல்லாத்தான் இருக்கு, வந்து பாருங்கப்பா!"

மூன்றாம் நாள் காலை சத்தம் மாறியிருந்தது. மெலிந்து, வறண்டு, தகரத்தைத் தேய்ப்பதுபோல. பின்னால் புகையே இல்லை. அப்பா தலையில் கட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் ஒரு மாதிரி இருக்கே?"

"ஆமாப்பா."

"சொல்லணுமா?"

"சாப்பிடுங்க" என்றேன்.

குடமுருட்டிக் கரையில் வேகமாகப் போகும்போது பிஸ்டன் இறுகியது. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ள, மதகுச் சுவரில் போய் மோதினான். தோள் எலும்பும் இரண்டு விலாவும் போயின. பின்னால் உட்கார்ந்து ஹாரன் அடிப்பவன் அன்று வரவில்லை. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவனை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை.

மத்தியானம் நான்கு பேர் கதவை உடைத்து உள்ளே வந்தார்கள்.

"வண்டில என்னடி வச்ச?"

"ஒண்ணும் வைக்கல."

இடது கையை வாசற்படியில் அழுத்திக் கம்பியால் அடித்தார்கள். இரண்டு விரல். முதல் விரலுக்குக் கத்தினேன், இரண்டாவதற்குக் குரல் வரவில்லை.

பத்து நாள் கழித்து, காவல் நிலையத்தில் எல்லோரையும் உட்காரவைத்தார்கள். "ரெண்டு பக்கமும் அடி வாங்கியாச்சு. சமாதானம்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அவன் தோளில் கட்டோடு என் எதிரில் இருந்தான்.

"நல்லாத்தானே ஓடுச்சு? என்ன ஆச்சு அதுக்கு?"

"பெட்ரோல்ல ஆயில் கலக்கணும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்ல?"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை.

"தெரிஞ்சேதான் விட்டிருக்க."

"ஆமா" என்றேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தேன். அன்று சாயங்காலமே எஞ்சினின் ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து நிதானமாகத் தட்டி எடுக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் ஊற்றவில்லை, கட்டையும் வைக்கவில்லை. வலது கையில் சுத்தியலை எடுத்து நேராக அடித்தேன். அம்மா வாசலுக்கு வந்து "போதும்டி" என்றாள். பிஸ்டன் பிளந்து சிலிண்டரும் விரிசல் விட்ட பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன்.